நான்கில் முடியும் எண்

கைபேசியின் நெற்றியிலிருந்த கோடுகள் மறைந்துவிட்டன. சென்னிமலையில் ஈரோட்டு வண்டி ஏறும்போது நிமிர்ந்து நின்றவை, வண்டி மலையடிவாரத்தைச் சுற்றித் திரும்பிய நேரத்தில் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. இப்போது அவ்விடத்தில் ‘சேவை இல்லை’ என்ற இரண்டு சொற்களே இருந்தன. சாந்தாமணி இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். ஈரோட்டுச் சந்தையில் விற்கவென்று துண்டுகளை அடுக்கிக் கொண்டுவந்த பை மடியில் சரிந்தது. அதை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். போய்விட்டது, போய்விட்டது என்று உள்ளே ஒரு குரல் கூவிற்று. அது திருட்டுப் போன வீட்டில் கூவும் குரலா, தேர் நகரத் தொடங்கியதும் கூவும் குரலா என்று அவளுக்கே விளங்கவில்லை. இப்படித்தான் ஆகும் என்று கைபேசிக் கடை சாகுல் பாய், பழைய சிம்மின் பக்கத்திலேயே புது சிம்மையும் போட்டுக்கொடுத்து, சொல்லித்தான் அனுப்பியிருந்தார். “பழைய சிம்மு செத்தாத்தானுங்க்கா புது சிம்முக்கு உசுரு வரும். நடுவால கொஞ்ச நேரம் ரெண்டும் பொணமாட்டக் கெடக்கும். அதுக்குள்ள பயந்துக்கிட்டு ஓடியாந்து என்ற உசுர வாங்கிப்போடாதீங்க.” அவள் சிரித்தாள் அன்றைக்கு. இப்போது சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரிப்பு வருவதற்கு முன் வயிற்றில் ஏற்படும் அந்தக் குறுகுறுப்பு இருந்தது. எண் அதே எண்தான். பத்து இலக்கமும் மாறாது. மாறுவது அதைத் தாங்குகிற கம்பெனி, மாதக் கட்டணம், அதைக் கட்டுகிற கை. அவ்வளவே. தறியில் நீளவாட்டு நூலான பாவு முடிந்துபோனால் நெய்த துணியையா அறுத்தெறிகிறோம்? பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை இழை இழையாகப் பிணைக்கிறோம். பிணைத்து முடிகிற வரைக்கும் தறி நிற்கும், கொட்டகையே செத்த வீடு போல் இருக்கும், பிறகு மோட்டாரைப் போட்டால் அதே துணிதான் அதே அகலத்தில் தொடர்ந்து இறங்கும். அப்படித்தான் இது. ஆனால் பிணைக்கிற நேரத்தில் எவராவது வந்து துணி கேட்டால்? இந்த நிமிடத்தில் எவராவது அந்தப் பத்து இலக்கத்தையும் அழுத்திக்கொண்டிருந்தால், அந்த அழைப்பு எங்கே போய் முட்டும்? பழைய வீட்டுக்கும் இல்லை, புது வீட்டுக்கும் இல்லை. மணமேடையிலிருந்து எழுந்து வண்டியில் ஏறிவிட்ட பெண்ணைப் பிறந்த வீட்டில் தேடினாலும் காண முடியாது, புகுந்த வீட்டில் கேட்டாலும் இன்னும் வரவில்லை என்பார்கள். அன்றைக்கும் அவள் இப்படித்தான் காரின் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “பசிக்குதா?” என்று கேட்டார். கல்யாணமாகி அவர் கேட்ட முதற்கேள்வி அது. இன்றுவரை அவர் பெரிதாக வேறொன்றும் கேட்டதில்லை.

அந்த வீட்டுக்குப் போன மறுவருடம், துண்டும் போர்வையும் விற்கும் ஜவுளிக்கடை வைத்திருந்த கணவரின் அண்ணன், மூத்தார் நாச்சிமுத்து, நான்கு சிம்களை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொண்டுவந்தார். ஒன்பது இலக்கங்கள் நான்கிலும் ஒன்றே. கடைசி இலக்கம் மட்டும் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்படிக் கிடைக்க அவர் யாரையோ பிடித்து, யாருக்கோ போர்வை கொடுத்து வாங்கியிருந்தார். ஒன்று அவருக்கு. இரண்டு அவர் மனைவி ருக்குமணியக்காவுக்கு. மூன்று தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு. நான்கு, “இந்தா அம்மிணி, இது உனக்கு” என்று சாந்தாமணிக்கு. நான்கும் ஒரே குடும்பத் திட்டம், ஒரே பில், அது அவர் பெயருக்கு வரும். ஒரே கையின் விரல்கள் போல இருக்கட்டும் என்றார். விரல்கள் ஒரே கையில் இருப்பதால் வரும் சங்கடத்தை அவர் அன்று நினைக்கவில்லை. கைபேசியின் பொத்தான்களைப் பாருங்கள்: ஒன்றாம் எண்ணுக்கு நேர் கீழே நான்கு. கடை அட்டையைப் பார்த்து மூத்தாரை அழைக்கிறவன் கட்டைவிரலை ஓர் இம்மி கீழே வைத்தால் மணி அடிப்பது சாந்தாமணியின் அடுக்களையில். தோசைக்கல்லில் மாவு ஊற்றிய கையோடு எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்! “நாச்சிமுத்து அண்ணனுங்களா?” “இல்லீங்க, நாலு அமுத்திட்டீங்க, மேல ஒண்ண அமுத்துங்க.” ஆனால் கூப்பிடுகிறவர்கள் அதோடு விடுவார்களா? அவர் கிடைக்கவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்பார்கள். திருவாரூர்க்காரர் கரை பச்சையாக இருக்க வேண்டும் என்பார். விழுப்புரத்துக்காரர் போன முறை துண்டு துவைத்ததும் சுருங்கிவிட்டது என்று திட்டுவார். திட்டுகளை அவள் அப்படியே மூத்தாரிடம் சொல்வாள், திட்டின் சூட்டை மட்டும் குறைத்து. வருடக்கணக்கில் அப்படிக் கேட்டுக் கேட்டு, எந்த ஊரில் எந்த அகலம் போகும், எந்த மாதம் எவன் வாங்குவான், எந்த நூலில் துண்டு தண்ணீரைக் குடிக்கும், எதில் வழுக்கிவிடும் என்பதெல்லாம் அவளுக்குள் இறங்கிவிட்டன. எந்தக் கடையிலும் உட்கார்ந்து அவள் வியாபாரம் படிக்கவில்லை. பிறருக்கென்று வந்த அழைப்புகளில் படித்தாள்.

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. கோடுகள் இல்லை. இன்னும் இல்லை. இருக்கட்டும். பாகம் பிரிந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து கிடங்கு, தறிகள், தோட்டம், அண்டா, குத்துவிளக்கு வரை பிரித்துக் கொடுத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஈஸ்வரமூர்த்தி தோட்டத்தைக் கேட்டார். அவள் அவர் காதில், தறியையும் கேளுங்கள் என்றாள். இரண்டும் கிடைத்தன. ஆனால் எண்களைப் பிரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படித் தட்டில் வைத்துப் பிரிப்பது? எனவே அவள் தறி ஓட்டினாள், தன் பெயரில் துண்டு இறக்கினாள், துண்டின் மூலையில் ‘சாந்தாமணி’ என்று பெயரும் கீழே அந்தப் பத்து இலக்கமும் அச்சிட்ட சிறு சீட்டைத் தைத்தாள். பில் மட்டும் இன்னும் மூத்தார் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. யாரிடம் எவ்வளவு நேரம் பேசினாள் என்பது அந்த வீட்டு மேசையில் கிடந்தது. ருக்குமணியக்கா ஒருநாள் குசலம் விசாரிப்பது போல, “ஏன் சாந்தா, ராசிபாளையத்து நூல்காரனோட நெறையப் பேசறயாட்ட இருக்குது?” என்றாள். வெறும் கேள்விதான். ஆனாலும் அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்குத் தறிக்கொட்டகைக்குள் பழைய கம்பெனியின் சிக்னல் எட்டுவதே இல்லை, வாசலுக்கு ஓடிவர வேண்டும். மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். முதலில் எண்ணைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகு கம்பெனி மாற வேண்டும் என்றார் சாகுல் பாய். மூத்தாரிடம் போய்க் கேட்கும் வழியெல்லாம் அவள் பதில் பதிலாகத் தயாரித்துக்கொண்டு போனாள். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சாகுல் பாய் கடைக்குக் கூடவே வந்தார், கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார், வைத்த விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு படியிறங்கும்போது, “நம்பரு உன்னுது, அம்மிணி. அதுல வர்ற போனு ஆருது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வர்ற போனு ஆருது. அன்றிலிருந்து அது துணியில் ஒட்டிய நாயுருவி முள்ளாகிவிட்டது. குத்திக் காட்டினாரா? எச்சரித்தாரா? தறி பிரிந்தது போலவே வாடிக்கையும் பிரியும் என்று நினைத்துக்கொண்டாயா என்று கேட்டாரா? சிரித்தாரே, ஆனால் அவர் நஷ்டக்கணக்குப் பார்க்கும்போதும் அப்படித்தான் சிரிப்பார். முள்ளைப் பிடுங்க ஒரே வழி பதில் சொல்வது. அவள் தனக்குள் பதில் சொல்லிப் பார்த்தாள்: என் எண்ணில் வருவது என்னுது. ஆம், ஏன் கூடாது? நான் எவரையும் கூப்பிடவில்லை. விரல் தவறி என் வாசலில் வந்து நிற்கிற லட்சுமியை, பக்கத்து வீட்டுக்குப் போ தாயே என்று அனுப்புவது மருமகள் வேலை. நான் இப்போது மருமகள் இல்லை, முதலாளி. திருவாரூர்க்காரருக்குப் பச்சைக் கரை வேண்டுமா? என்னிடம் இருக்கிறது. அவர் பத்து வருடம் கேட்ட பச்சையை நான்தான் சரியாகப் போட்டிருக்கிறேன். இந்தப் பதிலை நினைக்கும்போதே கன்னம் சூடேறியது, கைகள் தாமாகவே துண்டுப் பையைத் தட்டின. புது சிம்மில் வருகிற முதல் தவறான அழைப்பை விடுவதில்லை. நேற்று இதைச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, “அடுத்தவன் மாடு நம்ம தொட்டீல தண்ணி குடிச்சா, பாலு நமக்கா?” என்றார். “தோட்டத்துப் பேச்சு தோட்டத்தோட இருக்கட்டும். உங்களுக்கென்ன, உங்க மூணாம் நம்பருக்குப் போனே வர்றதில்ல.” “வந்தா மட்டும் நான் எடுக்கவா போறன்?” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் அவள் எழவில்லை. கோயில் பேச்சில் கேட்ட பழங்கதையொன்று வேண்டாத விருந்தாளி போல் வந்து எதிரே உட்கார்ந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர் இருவர். ஒருவனுக்கு வந்த மாங்கூடையைச் சுமைகாரன் தவறி மற்றவன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வாசலில் இறங்கியது வாசற்காரனுடையது என்று அவன் எல்லாப் பழங்களையும் தின்றான். கொட்டையொன்றைக் கொல்லையில் நட்டான், தண்ணீர் விட்டான், வேலி கட்டினான். மரம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதன் கிளைகளெல்லாம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முற்றத்திலேயே காய்த்தன. தின்றவன் காலமெல்லாம் சருகு கூட்டினான். சபை சிரித்தது, அவளும் சிரித்தாள். அன்று அந்தக் கதை யாரோ ஒருவனைப் பற்றியது. நீதிக்கதைகளை நாம் எல்லோரும் அப்படித்தானே கேட்கிறோம்? அடுத்தவன் சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரனைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நம் தோளுக்குச் சரியாக இருப்பது தெரிகிறது. மனிதனே, தவறி வந்ததை விட்டுக்கொடுப்பது பெரிய காரியமில்லை. அது தவறித்தான் வந்தது என்று உனக்கு நீயே ஒப்புக்கொள்வதுதான் பெரிய காரியம். சாந்தாமணி ஒப்புக்கொள்ளவில்லை. இன்று வண்டிவரை கூடவே வந்துவிட்ட கதையை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெள்ளோடு வந்துவிட்டது. காற்றில் ஏரியின் சேறு மணத்தது. கோடுகள் இல்லை. ஒருவேளை இது நடக்கவே நடக்காதோ? பழைய கம்பெனி விட்டுவிட்டது, புதுக் கம்பெனி பிடிக்கவில்லை, எண் நடுவழியில் எங்கோ விழுந்துவிட்டது, தைத்த சீட்டுகளெல்லாம் பொய்யாகிவிட்டன, துண்டில் என் பெயரும் கீழே எவருக்கும் சொந்தமில்லாத பத்து இலக்கமும்…

“என்னங்க்கா, போன முழுங்கறாப்புலயே பாக்கறீங்க? ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?” வெள்ளோட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள். மடியில் முருங்கைக்காய்க் கட்டு, சந்தைக்குப் போகிறவள். பெயர் பூவாத்தா என்று அவளாகவே சொன்னாள். சாந்தாமணி எல்லாவற்றையும் சொல்லவில்லை. நம்பர் கம்பெனி மாறுகிறது, உயிர் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை என்று மட்டும் சொல்லி, பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூலைச் சீட்டைக் காட்டினாள். பூவாத்தாவுக்கு அது போதுமாயிருந்தது. “அடக் கருமாந்தரமே, இதுக்கா இந்த மூஞ்சி? எம்பட போன்ல இருந்து அடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போவுது. ஆனா ஸ்பீக்கருலதான் பேசும், ஊருக்கே கேக்கும், பரவால்லீங்களா?” என்று சொல்லிக்கொண்டே, முருங்கைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, சீட்டைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகக் குத்தினாள். வண்டி குலுங்கியது. மணி அடித்தது. சாந்தாமணியின் கையிலிருந்த கைபேசி அடிக்கவில்லை. ஆனால் எங்கோ அடிக்கிறதே! எடுத்தும் விட்டார்கள். “ஆருங்க?” என்றது மூத்தாரின் குரல். சாந்தாமணியின் முதுகு நிமிர்ந்துவிட்டது. விரல், அதே விரல், அதே ஓர் இம்மி. இந்த முறை மேலே ஏறிவிட்டது. வேண்டாம், வைத்துவிடு என்று கையை ஆட்டினாள். பூவாத்தா கண்ணைச் சிமிட்டிவிட்டு, “சாந்தாமணி துண்டுக் கம்பெனிங்களா?” என்று கேட்டேவிட்டாள். “இல்லீங்க, இது நாச்சிமுத்து, ஜவுளிக்கடை. நீங்க கேக்கறது எங்க தம்பி சம்சாரத்த. கடைசீல ஒண்ண அமுத்திட்டீங்க. அதுக்கு நேர் கீழ நாலு இருக்குதல்லொ, அத அமுத்துங்க. இன்னைக்குக் காத்தால கம்பெனி மாத்தறாங்க, கெடைக்கலீன்னாச் செத்த பொறுத்துப் போடுங்க. அதுக்குள்ள வேற பக்கம் போயிறாதீங்க. தம்பி ஒரு துண்டு கொண்டாந்து குடுத்தான், நானே தொவட்டிப் பாத்தன், நல்லாத்தான் இருக்குது.” பூவாத்தாவுக்குக் குறும்பு அடங்கவில்லை. “நீங்களும் துண்டுதானுங்க விக்கறீங்க? உங்களுதையே குடுத்துப்போட்டா ஆவாதுங்களா?” அந்தப் பக்கம் நூல் நிறுக்கும் தராசுத் தட்டு இறங்கும் ஓசை கேட்டது. “ஏனுங்க, நீங்க துண்டு வேணும்னா கேட்டீங்க? சாந்தாமணி வேணும்னுதானுங்க கேட்டீங்க. நெதம் ரெண்டு பேரு இப்படியே போடறீங்க சாமி. வெரல நேரா வெச்சு அமுத்துங்க.” வைத்துவிட்டார். பூவாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உங்க மூத்தாருங்களா? நல்ல மனுசனுங்க. ஆனா வாயி கொஞ்சம் எசவு கெட்ட வாயி.”

நெதம் ரெண்டு பேர். சாந்தாமணி திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றாள். நெதம் ரெண்டு பேர்! அவள் எண்ணிலிருந்து மேலே தவறுகிற விரலைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தவறு எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும் என்று நினைத்திருந்தாள். காங்கேயத்துக் கல்யாண மண்டபக்காரர் முதன்முதலில் அழைத்தபோது, “சுத்தி வளைச்சு வந்து புடிச்சமுங்க உங்கள” என்றாரே, அது என்ன சுற்று என்று அவள் கேட்கவில்லை. ஊத்துக்குளிக்காரி, “உங்க பெரியவரு குடுத்தாரு நம்பரு” என்றபோது வேறு எவரையோ பெரியவர் என்கிறாள் என்று விட்டுவிட்டாள். அவள் முள் என்று நினைத்துப் பொத்தி வைத்துக்கொண்டிருந்த கேள்வியை அவர் அன்றே தம் கடையில் உட்கார்ந்து பதிலாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நாள்தோறும், இரண்டிரண்டு பேராக, சலிப்போடு, திட்டிக்கொண்டு. அன்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது, உலகத்தவரே. அது ஆரத்தியோடு வருவதில்லை, விரலை நேராக வைத்து அழுத்து என்று எரிந்து விழுந்துகொண்டு வருகிறது, நாமோ ஆரத்தித் தட்டைத் தேடி வழியெங்கும் பார்த்துவிட்டு அதைக் கடந்து போய்விடுகிறோம். வெட்கம் அவள் காதுமடல்வரை ஏறியது. வெட்கத்தின் அடியில் அந்தப் பழைய குறுகுறுப்பு இன்னும் இருந்தது, முன்னைவிட அதிகமாக. கணவரும் சும்மா இருக்கவில்லை, துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனிதர்! மோரை ஊற்றிக்கொண்டு மாட்டுக்கதை சொல்லத் தெரிகிறது. அவளுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. “அக்கா, அக்கா, பாருங்க!” என்று பூவாத்தா விலாவில் இடித்தாள். திரையின் நெற்றியில் ஒரு கோடு. ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் இரண்டு. புதுக் கம்பெனியின் பெயர் வந்து நின்றது. பிணைத்து முடிந்துவிட்டது, பாவு ஏறிவிட்டது, ஓடுகிறது! வணக்கம் சொல்லும் குறுஞ்செய்திகள் பொலபொலவென்று விழுந்தன. அவள் ஒன்றையும் படிக்கவில்லை, கைபேசியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். அப்போது மணி அடித்தது.

தெரியாத எண். எடுத்தாள். “நாச்சிமுத்து அண்ணனுங்களா? தாராபுரத்துல இருந்துங்க. நம்ம கோயில் கும்பாபிசேகத்துக்கு வர்றவங்க அத்தன பேருக்கும் துண்டு போத்தறதுன்னு முடிவு பண்ணியிருக்கறம். பச்சக் கரையா இருந்தா நல்லா இருக்கும். ஒரு பெரிய சைசுத் துண்டு…” பச்சைக் கரை அவள் மடியில்தான் இருந்தது. பையின் வாய் திறந்தேயிருந்தது. அந்த ஆள் பேசப் பேச, கொட்டகையில் எல்லாத் தறிகளும் இரவு பகலாக அந்தக் கோயிலுக்காக ஓடுவதை அவள் கண்டாள், ஓசையைக்கூடக் கேட்டாள். ஒரு மூச்சு. ஒரு மூச்சுக்குள் எவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி இடித்துவிட முடிகிறது மனத்தால்! “இல்லீங்க,” என்றாள். தன் குரல் இத்தனை தெளிவாக வெளிவந்ததில் அவளே திடுக்கிட்டாள். “அவரு நம்பருக்குக் கடைசீல ஒண்ணுங்க. நீங்க நாலு போட்டுட்டீங்க. நேர் மேல இருக்குது பாருங்க.” “அப்படீங்களா? நீங்க ஆரு, அவரு கடையில வேல செய்யற புள்ளைங்களா?” “இல்லீங்க. நான் தனியாத் துண்டு ஓட்டறனுங்க. என்ற பேரு சாந்தாமணி. ஆனா நீங்க கூப்புட்டது அவர.” “சரி சரி” என்று வைத்துவிட்டான். நன்றிகூட இல்லை. பெயரைக் குறித்துக்கொண்டானா என்பதும் தெரியாது. பெரும்பாலும் குறித்திருக்க மாட்டான். ஸ்பீக்கர் இல்லாமலேயே முழுவதையும் கேட்டுவிட்ட பூவாத்தா, “ஏனுங்க்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு? கோயிலு ஆர்டருங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “ஆமாங்க, பெரிய ஆர்டரு,” என்றாள் சாந்தாமணி. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஏதோ லேசாகிவிட்டது. வருடக்கணக்காக அடுக்களையில் நின்று சொன்ன அதே வார்த்தைகள்தான், ஆனால் அன்று அவை வீட்டு வேலை, இன்று அவள் கொடுத்த கொடை. உடையவரால்தான் ஒன்றைக் கொடுக்க முடியும். அந்த எண் அவளுடையது என்பது சாகுல் பாய் கடையில் தெரியவில்லை, திரையில் கோடு வந்தபோதும் தெரியவில்லை, இப்போது தெரிந்தது.

“சந்தைக்குப் போறவங்கெல்லாம் எறங்குங்க! அக்கா, பைய இழுத்துக்கிட்டுப் போறதுன்னா மெதுவா, படி வழுக்கும்,” என்றார் நடத்துநர். ஈரோட்டு வெயில் முகத்தில் அறைந்தது. ஜவுளிச் சந்தையின் வரிசைகளில் துணிமூட்டைகளின் கஞ்சி வாசமும், பேரம் பேசும் குரல்களும், கைவண்டிகளின் தடதடப்பும் ஒன்றாகக் கலந்து எதிரே எழுந்தன. இதுவரை அவள் எவருக்கும் நேரில் விற்றதில்லை; விற்பனையெல்லாம் போனிலேயே, காதோடு முடிந்துபோயிற்று. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இடப்பக்கம் முதல் கடையில் ஒரு பருத்த மனிதர் கேரளத்து ஆளிடம் கத்திப் பேசி முடித்துவிட்டு, பனியன் நுனியைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி அவர் முன்னே போய் நின்றாள். பையை இறக்கினாள். பச்சைக் கரைத் துண்டை உதறி, அவர் துடைக்கத் தூக்கிய பனியனுக்கு முன்னால் நீட்டினாள்.

“அண்ணா, இதுல தொடச்சுப் பாருங்க. சாந்தாமணி துண்டு. சாந்தாமணி நான்தானுங்க.”